நடந்து கரைத்ததைத் தின்று நிரப்பலாமா?



உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று இப்போது கிராமங்களிலும் பலர் காலையில் நடக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். நடந்து முடித்ததும் கணவர் கேட்கிறார்: “இவ்வளவு தூரம் நடந்தாச்சே, ரெண்டு வடை கூடச் சாப்பிட்டா என்ன?” அதே வீட்டில் மனைவி கேட்கிறார்: “பகலெல்லாம் களை எடுக்கிறேன். ராத்திரிச் சோத்தையும் விட்டுட்டா சீக்கிரம் இளைச்சிடுவேன்ல?” இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் கிடையாது.

கலோரி என்றால் என்ன?

உணவு தரும் சக்தியை அளக்கும் அளவே கலோரி. குடும்பத்தின் வரவு செலவைப் போல உடம்புக்கும் வரவு செலவு உண்டு. சாப்பாடு வரவு, உழைப்பும் நடையும் செலவு. வரவு மிஞ்சினால் அது கொழுப்பாகச் சேருகிறது. செலவு மிஞ்சினால் சேர்ந்த கொழுப்பு கரைகிறது.

நடையில் எவ்வளவு செலவாகிறது?

60 கிலோ எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் நடந்தால் சுமார் 100 கலோரிதான் செலவாகும். ஓர் உளுந்து வடையிலேயே ஏறக்குறைய 100 கலோரி இருக்கிறது. இரண்டு வடையும் சர்க்கரை போட்ட ஒரு பால் டீயும் சேர்ந்தால் 300 கலோரியை எட்டும். செலவு 100, வரவு 300. அப்புறம் எடை எப்படிக் குறையும்?

ஆகவே எடை குறைக்க நடப்பவர்கள், நடந்ததற்கென்று தனியாகச் சாப்பிட வேண்டியதில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டையும் வழக்கம்போல அளவோடு சாப்பிட்டாலே போதும். நடந்து வந்ததும் முதலில் தண்ணீர் குடியுங்கள்.  அப்புறமும் பசித்தால் மோர், வெள்ளரிக்காய், கொய்யா, ஒரு கைப்பிடி சுண்டல் சாப்பிடலாம்.

ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். தினம் 100 கலோரி என்றால் ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். மெதுவாகக் குறைவதே நல்லது. எடை குறையாவிட்டாலும் நடையை விடாதீர்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அது நன்மை செய்கிறது.

உழைப்பவர் பட்டினி கிடக்கலாமா?

கூடவே கூடாது. நடவு, களை எடுப்பு, அறுப்பு, செங்கல் சுமப்பது எல்லாம் அரைமணி நடை போன்றதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் நாளுக்கு 1,660 கலோரி போதும். கடும் உழைப்பு என்றால் 2,720 கலோரி வேண்டும். 65 கிலோ ஆணுக்கு இது முறையே 2,110, 3,470. இந்தச் செலவைச் சாப்பிட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு தளரும், இரத்தசோகை உள்ளவருக்கு அசதி இன்னும் கூடும்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் தாய்மார்களே, உங்கள் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள். கணவர்மார்களே, அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பருப்பு, கீரை, முட்டை அவர் தட்டிலும் இருக்கட்டும்.

வேலை மாறினால் சாப்பாடும் மாற வேண்டும். ஏற்றம் இறைத்த காலத்துச் சோற்றளவு, மோட்டார் சுவிட்சைத் தட்டும் காலத்துக்குப் பொருந்தாது. வயல் வேலை இல்லாத மாதங்களில் சோற்றைச் சற்றுக் குறைத்து, காய்கறியைக் கூட்டுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

• கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைக்கச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. பாலூட்டும் முதல் 6 மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாகவே தேவை.

• சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. நடக்கும்போது கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எடை குறைக்க வேண்டுமா என்பதே சந்தேகமா? இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் இருந்தால், இருவரும் சேர்ந்தே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்ததற்குக் கூலியாகத் தின்ன வேண்டாம். உழைத்த உடம்பைப் பட்டினி போடவும் வேண்டாம்!