தங்கம் எதுவரை உலோகம்?

தங்கம் மஞ்சள், வெள்ளி வெண்மை. ஏன் இந்த வேறுபாடு? விடை அவற்றின் எலக்ட்ரான்களிடம் இருக்கிறது. அந்த எலக்ட்ரான்களை வெளியே வரவழைத்து விசாரிக்கும் முறைக்கு ஒளிஎலக்ட்ரான் நிறமாலையியல் என்று பெயர்.

ஆற்றல் துல்லியமாகத் தெரிந்த எக்ஸ் கதிரை உலோகத்தின் மீது பாய்ச்சுவார்கள். அலுமினியத்திலிருந்து கிடைக்கும் கதிரென்றால் அது 1486.6 எலக்ட்ரான் வோல்ட். தெறித்து வரும் எலக்ட்ரானின் வேகத்தை அளந்து கணக்குப் போட்டால், உள்ளே அது எவ்வளவு இறுக்கமாகக் கட்டுண்டிருந்தது என்பது தெரிந்துவிடும். 1905இல் ஐன்ஸ்டைன் சொன்ன விதியே இதற்கு அடிப்படை. அதைத் துல்லியமான கருவியாக்கிய ஸ்வீடன் விஞ்ஞானி கை சீக்பானுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. சில நானோமீட்டர் ஆழத்திலிருந்து மட்டுமே எலக்ட்ரான்கள் தப்பி வர முடியும். மேற்பரப்பில் அழுக்கு படிந்தால் சோதனை வீண். அதனால் எல்லாமே காற்று கிட்டத்தட்ட முற்றிலும் உறிஞ்சப்பட்ட எஃகுக் கலத்துக்குள் நடக்கும்.

உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் மேல்விளிம்பை ஃபெர்மி மட்டம் என்பார்கள். தங்கத்தில் 'டி' எனப்படும் துணைக்கூட்டைச் சேர்ந்த எலக்ட்ரான்கள் அதற்குச் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட் கீழே தொடங்குகின்றன. நீல ஒளியே அவற்றைக் கிளப்பிவிடும். நீலத்தை விழுங்கிவிடுவதால் தங்கம் மஞ்சளாகத் தெரிகிறது. வெள்ளியில் அவை சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட் கீழே கிடக்கின்றன. அவற்றை அசைக்கப் புறஊதாக் கதிர் வேண்டும்; கண்ணுக்குத் தெரியும் ஒளி போதாது. அதனால்தான் வெள்ளி வெண்மை.

உலோகத்தைப் பொடித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.என்.ஆர். ராவ், டி.டி. சர்மா உள்ளிட்டோர் இதை ஆராய்ந்தார்கள். பல்லேடியம், வெள்ளித் துகள்கள் பற்றிய அவர்களுடைய ஆய்வு 1992இல் வெளியானது. துகள் சிறுக்கச் சிறுக்க உள்ளடுக்கு எலக்ட்ரான்களின் பிணைப்பு ஆற்றல் ஏறியது. உலோகத்தன்மை குறைவதன் அறிகுறியாக இதைக் கொள்ளலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு: எலக்ட்ரான் போன பிறகு சிறு துகளில் எஞ்சும் நேர்மின்னேற்றமும் இதே தோற்றத்தைத் தரலாம். ஆகவே காலியான ஆற்றல் மட்டங்களைக் காட்டும் வேறு முறைகளையும் ராவ் குழு துணைக்கு வைத்துக்கொண்டது. சுமார் ஒரு நானோமீட்டர் அளவில் ஃபெர்மி மட்டத்தருகே இடைவெளி விழுகிறது. துகள் உலோகத்தன்மையை இழக்கிறது.

ஆக, உலோகத்தன்மை தனி அணுவுக்கு வாய்ப்பதில்லை. கூட்டம் சேர்ந்தால்தான் வருகிறது. அளவு மாறினால் வேதிக்குணமும் மாறுகிறது. நகையாக எதனோடும் எளிதில் வினைபுரியாத தங்கம், ஆக்சைடுகளின் மேல் 5 நானோமீட்டருக்கும் குறைந்த துகளாகப் படியும்போது, நச்சான கார்பன் மோனாக்சைடை அறை வெப்பத்திலேயே கார்பன் டை ஆக்சைடாக மாற்றும் வினையூக்கியாகிவிடுகிறது.