நோயுற்ற பெற்றோருடன் பெருநாள்

உம்மா படுத்த படுக்கையாக இருக்கும்போது பெருநாள் தொழுகைக்குத் திடலுக்குப் போவதா, அருகிலேயே இருப்பதா? பல பிள்ளைகளின் தவிப்பு இது.

ஹிஜ்ரி 2இல் பத்ருப் போரின்போது, நபி (ஸல்) அவர்களின் மகள் ருகையா (ரழி) கடும் நோயுற்றிருந்தார்கள். கணவர் உஸ்மான் (ரழி) அவர்களை உடனிருந்து கவனிக்கச் சொன்ன நபியவர்கள், பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என்றார்கள்.

கவனிக்க வேறு ஆளில்லாத நோயாளியுடன் இருப்பவருக்கு ஜும்ஆவுக்கே சலுகை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பெருநாள் தொழுகையை வீட்டில் தனியாகவும் தொழலாம். ஆளிருந்தால் ஒருவர் தங்க, மற்றவர்கள் திடலுக்குப் போகலாம்.

தக்பீரை உம்மாவின் காதில் விழும்படி ஓதுங்கள். பிள்ளைகள் புத்தாடையோடு வந்து ஸலாம் சொல்லி, அவர் கையாலேயே பெருநாள் காசு வாங்கட்டும். பிரியாணி ஒத்துக்கொள்ளாவிட்டால் கஞ்சியை நீங்களே ஊட்டுங்கள். அதுவும் இபாதத்தே.