சுட்டியும் புள்ளியும்

போனக்காட்டில் வியாபாரம் போக மிஞ்சும் நேரத்தில், கல்வெட்டுப் படங்களைக் கணினியில் வைத்து மவுஸால் எழுத்தெழுத்தாக வரைவது என் வழக்கம். பழங்கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. கையெடுத்த பிறகும் மவுஸ் ஒரு பொட்டு வைத்துவிட்டால், கல்லில் இல்லாத புள்ளி படியில் ஏறிவிடும்.

கிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் இத்தகைய பிழைக்குத் திருத்தம் வந்தால், அதை நாமே சோதிக்கலாம். முதலில் பழைய பதிப்பில் பிழையை வரவழைத்துப் பார்க்கணும். வேறு மவுஸ் மாட்டினால் மறைகிறதா? கோளாறு பெரும்பாலும் பழைய மவுஸின் பொத்தானில்தான். மறையாவிட்டால், அதே மவுஸ், அதே படம், அதே தூரிகையோடு புதிய பதிப்பில் பல தடவை வரையணும். வேகமாக இழுப்பதும் அழிப்பதும் கெடவில்லையா என்றும் பார்க்கணும். ஓர் ஓட்டையை அடைக்க இன்னொன்று திறப்பது இத்தொழிலில் சகஜம்.

கல்லில் உள்ளதைக் கூட்டவும் குறைக்கவும் படியெடுப்பவனுக்கு உரிமையில்லை; அவன் கருவிக்கும் இல்லை.