மலையேறவும் சறுக்கவும் ஒரே சப்பாத்து: வாங்குமுன் காலைக் கேளுங்கள்



கால்சாவின் ஒடுங்கிய தெருக்களில், கடற்காற்று வீசும் வீடுகளில் வாழும் எங்களுக்குப் பனிச்சறுக்குச் சப்பாத்தைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் எமது பிள்ளைகள் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள். பலெர்மோவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மடோனியே மலைத்தொடரில் சுமார் 1600 மீற்றர் உயரத்திலுள்ள பியானோ பத்தாலியாவை அடைந்துவிடலாம். பாடசாலை நண்பர்களோடு ஒருமுறை அங்கே போய்வந்த பிள்ளை, அடுத்த கிழமையே "எனக்கும் ஸ்கார்போனி வாங்கித் தாங்கோ" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறது. வளர்ந்த பிள்ளைகள் சிலர், இழுவைக் கதிரையில் ஏறிச் சறுக்குவதோடு நிற்காமல், பலகையின் அடியில் "பெல்லி" எனப்படும் பட்டியை ஒட்டிக்கொண்டு தாமே மலையேறி இறங்கும் "ஷி அல்பினிஸ்மோ" பக்கமும் போகிறார்கள். இரண்டுக்கும் இரண்டு சோடி வாங்க எந்தக் குடும்பத்துக்குக் கட்டும்? ஒரே சோடி உதவுமா என்பதுதான் பெற்றோரின் கேள்வி.

உதவும். ஆனால் விலையையும் நிறத்தையும் பார்த்து அல்ல, காலையும் கவ்வியையும் பார்த்து வாங்கினால் மட்டுமே உதவும். இதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். சில வருடங்களுக்கு முன், "வளரும் பிள்ளைதானே" என்று மகனுக்கு இரண்டு அளவு பெரிதான பழைய சோடி ஒன்றை மலிவாக வாங்கினோம். உள்ளே குதிக்கால் எழும்பி எழும்பி விழுந்தது. அதை அடக்க அவன் கொளுவிகளை இறுக்க இறுக்கப் பாதம் விறைத்தது. மாலையில் கழற்றிப் பார்த்தால் இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துப்போயிருந்தன. பெரிய சப்பாத்தும் காலை நெரிக்கும் என்பது அன்றுதான் விளங்கியது. அதைவிடப் பெரிய ஆபத்தைப் பிறகு ஒரு கடையில் காட்டியபோது அறிந்தோம். அந்தச் சப்பாத்தின் அடிப்பாகம் அவனுடைய பலகையின் கவ்விக்குப் பொருந்தவே இல்லை. விழுந்திருந்தால் கவ்வி விடுபடாமல் கால் முறிந்திருக்கலாம்.

இரண்டு வேலை, இரண்டு வடிவம்

சறுக்குத்தடத்தில் மட்டும் பாவிக்கும் சப்பாத்து கனத்த பிளாஸ்டிக் ஓட்டினால் ஆனது. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ அளவில் இருக்கும். கணுக்காலை அசையவிடாது. கால் சாயும்போது பலகையும் உடனே சாயவேண்டும் என்பதற்காகவே அந்த இறுக்கம். மலையேற்றத்துக்கென்றே செய்யப்பட்டதோ ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரையில்தான் இருக்கும். பின்புறத்திலுள்ள ஒரு நெம்பைத் தட்டினால் கணைக்காற் பகுதி முன்னும் பின்னும் ஆடும். அதனால் நடக்கலாம், ஏறலாம்.

இவை இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் இருபயன் சப்பாத்துகள். பெரும்பாலும் ஒன்றரைக் கிலோ முதல் ஒன்றேமுக்கால் கிலோ வரை நிறை. நெம்பும் உண்டு, இறங்கும்போது ஓரளவு உறுதியும் உண்டு. சப்பாத்து ஒன்றில் 600 கிராம் குறைந்தால் 2000 அடி வைக்கும்போது மொத்தம் 1200 கிலோவை நகர்த்தும் வேலை மிச்சமாகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பியானோ பத்தாலியாவிலிருந்து 1979 மீற்றர் உயரமான பித்சோ கார்பொனாராவுக்கு ஏறக்குறைய 380 மீற்றர் ஏறவேண்டும். அங்கேதான் அந்த வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும்.

எட்னாவில் இன்னொரு காரணமும் உண்டு. தென்புறத்தில் நிக்கொலோசிப் பக்கமும் வடபுறத்தில் பியானோ புரொவென்சானாவிலும் சறுக்குத்தடங்கள் இருக்கின்றன. ஆனால் பனி முடியும் இடத்தில் கரடுமுரடான எரிமலைக் கல்லும் கரிய மணலும் தொடங்குகின்றன. பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கவேண்டி வரும். தட்டையான பிளாஸ்டிக் அடியோடு அந்தக் கல்லில் நடப்பது வழுக்கி விழுவதற்கு நாமே வழிசெய்வதாகும். இறப்பர் அடியுள்ள சப்பாத்து அங்கே மிக உதவும்.

முதலில் பார்க்கவேண்டியது கவ்வி

சப்பாத்தையும் பலகையையும் இணைப்பதை இங்குள்ள கடைகளில் "அத்தாக்கோ" என்பார்கள். நாம் இங்கே கவ்வி என்போம். விழும்போது குறிப்பிட்ட அளவு விசை வந்ததும் காலை விட்டுவிடுவதே அதன் கடமை. சப்பாத்தின் அடி பொருந்தாவிட்டால் அது விடவேண்டிய நேரத்தில் விடாது, அல்லது விடக்கூடாத நேரத்தில் விட்டுவிடும். முழங்கால் இணைப்பு நார் கிழிவதற்கும் கணைக்கால் எலும்பு முறிவதற்கும் இது காரணமாகலாம்.

சப்பாத்தின் அடியை அல்லது ஓட்டைப் பார்த்தால் ஒரு தர எண் பொறிக்கப்பட்டிருக்கும். தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று:

5355 என்பது தடத்துக்கான தட்டையான கடின அடி.

9523 என்பது மலையேற்றத்துக்கான, இறப்பர் பதித்த, வளைந்த அடி.

23223 என்பது "கிரிப்வோக்" எனப்படும், நடக்க வசதியான அடி.

இந்த எண்களுக்கு முன்னால் ஐஎஸ்ஓ என்று இருக்கும். கவ்வியிலும் எந்த அடியை ஏற்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகவேண்டும்.

இவற்றைவிட, மலையேறுவோர் பாவிக்கும் ஊசிக்கவ்வி ஒன்று உண்டு. 1980களில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்த்தெல் உருவாக்கியது. சப்பாத்தின் முன்னாலும் குதியிலும் உலோகக் குழிகள் இருந்தால் மட்டுமே இதைப் பூட்டலாம். குழி இல்லாத சப்பாத்தோடு இந்தக் கவ்வியில் மலையேற முடியாது. ஆகவே இருபயன் சப்பாத்து வாங்கும்போது அந்தக் குழிகள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள்.

கவ்வியை நாமாகத் திருகி இறுக்கவே கூடாது. வயது, உயரம், நிறை, சப்பாத்து அடியின் நீளம், சறுக்கும் திறமை ஆகிய ஐந்தையும் கேட்டுத்தான் கடைத் தொழில்நுட்பர் அளவு வைப்பார். அவரிடம் நிறையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லவேண்டாம். வெட்கப்படவேண்டிய இடம் அதுவல்ல.

காலை அளப்பது எப்படி

இந்தச் சப்பாத்துகளின் அளவு பாதத்தின் நீளம்தான், சென்ரிமீற்றரில். 26.5 என்றால் 26.5 சென்ரிமீற்றர் நீளப் பாதத்துக்கு உரியது. சுவரோடு குதியை ஒட்டி, ஒரு தாளின் மேல் நின்று, மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலையும் அளவெடுங்கள். பெரும்பாலும் ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கும்.

அகலத்தையும் கேளுங்கள். ஒடுங்கியது 98 மில்லிமீற்றர் அளவில், நடுத்தரம் 100, அகன்றது 102 முதல் 104 வரை. இது எங்களுக்கு முக்கியமானது. ஊரில் வெறுங்காலோடு ஓடித் திரிந்து வளர்ந்தவர்களின் பாதம் முன்புறம் அகன்றிருக்கும். இந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்து 2009 இல் வெளியான ஒரு ஆய்வும் இதையே காட்டியது. சந்தா ரொசாலியாவுக்கு நேர்ந்து மொந்தே பெல்லெகிரினோவை வெறுங்காலோடு ஏறும் கால்களை ஒடுங்கிய ஓட்டுக்குள் தள்ளினால் அவை எதிர்ப்புத் தெரிவிக்கத்தான் செய்யும். அகலம் போதவில்லை என்று நீளத்தில் ஓர் அளவு கூட்டுவதுதான் நாம் செய்யும் வழமையான பிழை. அகலமான மாதிரியைக் கேளுங்கள். சிறிய இடைஞ்சல் என்றால் கடைக்காரர் ஓட்டைச் சூடாக்கி அந்த இடத்தை விரித்தும் தருவார்.

கடையில் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்:

உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்கள் முன்னால் தொடும்படி நில்லுங்கள். குதிக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால் சரி.

உள்ளுறையோடு போட்டுக் கொளுவி நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் இலேசாகத் தொடவேண்டும். முழங்காலை முன்னே மடித்தால் விரல் பின்வாங்கவேண்டும், குதி எழும்பக்கூடாது.

பின்னேரத்தில் போங்கள். பகலில் நடந்து சற்று வீங்கிய காலே உண்மையான அளவைச் சொல்லும்.

மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்றே போதும். இரண்டு காலுறை போட்டால் சுருங்கி உரசும், இரத்த ஓட்டமும் குறையும். பருத்தி வியர்வையை வைத்துக்கொள்ளும்.

கால் மணி நேரமாவது போட்டபடி நடந்து பாருங்கள். வலி ஓரிடத்தில் கூர்மையாக வந்தால் "பழகப் பழகச் சரியாகும்" என்று நம்பவேண்டாம்.

ஓட்டின் விறைப்பைக் குறிக்கும் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். 70 முதல் 90 வரை பழகுவோருக்கும், 100க்கு மேல் நன்றாகச் சறுக்குவோருக்கும், நிறை கூடியவர்களுக்கும் உரியது. ஆனால் இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 100 இன்னொரு நிறுவனத்தின் 90 ஆக இருக்கலாம். எண்ணை நம்பாமல் முழங்காலை மடித்துப் பாருங்கள்.

சலரோகம் உள்ளவர்கள் கவனத்துக்கு

தென்னாசியர்களான எம்மிடையே சலரோகம் கூடுதலாக இருப்பதும், இளவயதிலேயே தொடங்குவதும் தெரிந்த விடயம். பல வருடங்களாகச் சலரோகம் உள்ளவர்களுக்குப் பாதத்தின் உணர்வு மெல்ல மெல்லக் குறையக்கூடும். சப்பாத்து அழுத்துவதோ விரல் விறைப்பதோ தெரியாமலே புண் வந்துவிடும். பிள்ளைகளோடு பனிக்குப் போகும் அப்பா அம்மாமார், முதலில் குடும்ப வைத்தியரிடம் பாதத்தைக் காட்டி உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். மெல்லிய நைலோன் நூலால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சிறு சோதனைதான் அது. உணர்வு குறைந்திருந்தால் வாடகைச் சப்பாத்தில் சறுக்கவேண்டாம். மற்றவர்களும் மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழற்றிக் கண்ணால் பாருங்கள்.

குளிரும் கொப்புளமும்

ஏறும்போது மேற்கொளுவிகளைத் தளர்த்தி, நெம்பை நடை நிலைக்கு மாற்றுங்கள். இறங்குமுன் மீண்டும் பூட்டுங்கள். இதை மறந்து இறங்குபவர்கள் பின்பக்கமாகச் சாய்ந்து விழுவதுண்டு. குதியில் உரசும் என்று தெரிந்தால் கொப்புளம் வருமுன்பே ஒட்டுப்பட்டி போடுங்கள். நகங்களை முதல்நாளே வெட்டிவிடுங்கள்.

விரல் விறைத்தால் முதலில் கொளுவியைத் தளர்த்தி விரல்களை ஆட்டுங்கள். எங்கள் நிறத் தோலில் உறைகாயம் வெள்ளையாகத் தெரியாமல் சாம்பல் பூத்ததுபோல் தோன்றலாம். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் தொட்டுணர்வைப் பாருங்கள். உணர்வு திரும்பாவிட்டால் உள்ளே போய், 37 முதல் 39 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் பாதத்தை வையுங்கள். நீரின் சூட்டை வேறொருவர் பார்க்கட்டும். பனியால் தேய்ப்பதும் அடுப்பருகில் நீட்டுவதும் கெடுதல்.

வாங்குவதா, வாடகையா?

வளரும் பிள்ளைகளுக்கு வாடகையே நல்லது. வருடத்துக்கு வருடம் கால் மாறும். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் பெரிதாக வாங்காதீர்கள். வருடத்தில் இரண்டு மூன்று நாள் தடத்தில் மட்டும் சறுக்குபவருக்கு இருபயன் சப்பாத்துத் தேவையில்லை. பருவத்தில் பல தடவை போய், தடத்திலும் வெளியிலும் சறுக்கும் வளர்ந்தவருக்கே அது பெறுமதியானது. எல்லாவற்றுக்கும் பணம் போதாதென்றால் சப்பாத்தை நன்றாக வாங்கி, பலகையை வாடகைக்கு எடுங்கள். அப்போதும் வாடகைப் பலகையின் கவ்வி உங்கள் சப்பாத்தின் அடியை ஏற்குமா என்று கேட்க மறக்கவேண்டாம்.

நல்ல சப்பாத்து மலையின் ஆபத்தைக் குறைத்துவிடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2022 முதல் இத்தாலியில் தடங்களில் சறுக்குவோருக்குப் பிறருக்கான சேதக் காப்புறுதி கட்டாயம். 18 வயதுக்குட்பட்டோருக்கு அன்றிலிருந்தும், 2025-26 பருவத்திலிருந்து எல்லோருக்கும் தலைக்கவசம் கட்டாயம். பனிச்சரிவு அபாயமுள்ள இடங்களில் தடத்துக்கு வெளியே போவோர் "ஆர்த்வா" எனப்படும் சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, துழாவுகோல் மூன்றையும் கொண்டுபோகவேண்டும். எட்னாவின் உச்சிப் பகுதிக்கு எரிமலையின் நிலையைப் பொறுத்துத் தடைகள் வருவதுண்டு. பழகாத பிள்ளைகள் வழிகாட்டி இல்லாமல் போகவேண்டாம். அவசரத்துக்கு 112.

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள் எங்கள் ஊரில். கால்வலியும் அப்படித்தான். "இறுக்குது அம்மா" என்று பிள்ளை சொன்னால், "விலை கொடுத்து வாங்கினது, போடு" என்று சொல்லாமல் ஒருமுறை குனிந்து அந்தக் காலைப் பாருங்கள்.