மாசும் தீட்டும்

உடம்பிற் படியும் அழுக்கையும் உள்ளத்திற் படியும் குற்றத்தையும் ஒரே சொல்லாற் குறிப்பது மொழிகள் பலவற்றிற்கும் இயல்பாகும். கண்ணுக்குப் புலனாகாததை உணர்த்துதற்குக் கண்ணாற் கண்ட பொருளின் பெயரையே மக்கள் கடனாகக் கொள்கின்றனர்.

முதற்கண் 'மாசு' என்னுஞ் சொல்லை நோக்குவோம். தூசிக்கும் அழுக்குக்கும் பெயரான இது குற்றத்திற்கும் பெயராயிற்று. மனத்தின்கண் மாசின்மையே அறம் என வகுத்தார் வள்ளுவர். வடமொழியிலிருந்து வந்த 'மலம்' என்பதும் இத்தகையதே. அழுக்கு என்னும் பொருளுடைய அச்சொல்லைச் சைவ சித்தாந்தம் உயிரைப் பிணிக்கும் ஆணவம், கன்மம், மாயை ஆகிய மூன்றுக்கும் பொதுப்பெயராக்கிற்று. நம் காலத்தில் 'மாசு' மீண்டும் புறவுலகிற்குத் திரும்பியுள்ளது. 1974-ஆம் ஆண்டில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர், ஆற்றுநீரின் கேட்டைக் குறிக்கும் சட்டச் சொல்லாகவும் அது விளங்குகிறது.

இச்சொற்களுக்குப் பொதுவான கருத்து ஒன்று உண்டு. மாசு என்பது வெளியிலிருந்து வந்து படிவது, ஆதலின் நீக்கத்தக்கது. ஆடையை வெளுக்கலாம், மனத்தைத் திருத்தலாம்.

'தீட்டு' என்னுஞ் சொல்லோ வேறு வழியில் வந்தது. 'தீண்டு' என்னும் வினையோடு பிறந்த சொல் இது. தீண்டுதலாவது தொடுதல். தென்றல் தீண்டிற்று என்கிறோம்; பாம்பு தீண்டிற்று என்றும் கூறுகிறோம். அழுக்கு என்ற பொருள் இதன் வேரில் இல்லை. வடமொழி 'அஸ்பிருச்யதா'வும் தொடுதலைக் குறிக்கும் 'ஸ்பிருச்' என்னும் அடியினின்று வந்ததே. இந்தியில் 'சூனா' என்னும் வினைக்கும் அதுவே பொருள். 'சுவாச்சூத்' என்னும் வழக்கு அதனின்று பிறந்தது.

மலையாளத்தில் இவ்வினை அடைந்த மாற்றம் வியப்புக்குரியது. ஒருவர் நெருங்கினாலே தீட்டு என்று கருதப்பட்ட தொலைவுக்கு 'தீண்டாப்பாடு' எனப் பெயரிட்டனர். தொடுதலைக் குறித்த சொல், தொடாமலே விலகி நிற்கவேண்டிய தூரத்தைக் குறிக்கலாயிற்று. 1924-ஆம் ஆண்டில் வைக்கத்தில் நிகழ்ந்த சத்தியாக்கிரகம், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் அனைவரும் நடக்கும் உரிமைக்காகவே எழுந்தது. அங்கு வழிமறித்து நின்ற பலகைகளுக்கும் 'தீண்டல் பலகை' என்றே பெயர். குளித்துத் தூய ஆடை உடுத்து வந்தவரையும் அப்பலகை தடுத்தது. அழுக்குக்கும் தீட்டுக்கும் தொடர்பில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. ஆங்கில மூலத்தில் அச்சொல் மேற்கோட் குறிகளுக்குள் நிற்கின்றது. அதற்கு இலக்கணம் கூறப்படவில்லை. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புக்குரிய சட்டமெனப் பெயர் மாற்றம் பெற்றது.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க நுட்பம் ஒன்று இங்குண்டு. ஆங்கிலச் சொல்லைக் கேட்போர், ஒதுக்கப்பட்டவரிடத்து அமைந்த ஏதோவொரு தன்மை என்று அதனை மயங்க இடமுண்டு. தமிழ்ச்சொல் அம்மயக்கத்திற்கு இடந்தருவதில்லை. தீண்டாமை என்பது தீண்டாதிருத்தல். அதனைச் செய்பவர் தீண்ட மறுப்பவரே. ஆகவே நீக்கத்தக்க மாசு எவருடைய மனத்தில் உள்ளதென்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகின்றது.