இணைய விளையாட்டுக் கணக்குத் திருட்டு

இணைய விளையாட்டுக் கணக்குத் திருட்டு என்பது, ஒருவருடைய விளையாட்டுக் கணக்கினுள் அவருடைய இசைவின்றி மற்றொருவர் நுழைந்து, அதைப் பயன்படுத்துவதோ கைப்பற்றுவதோ ஆகும். கணக்கில் சேர்ந்துள்ள நிலைகள், ஆயுதங்கள், உடைகள், விளையாட்டு நாணயங்கள் ஆகியவை பணமதிப்பு உடையவை. அவற்றை விற்பதற்காகவும், உரியவரின் நண்பர்களை ஏமாற்றுவதற்காகவும், இணைக்கப்பட்ட பணவழியைப் பயன்படுத்துவதற்காகவும் இத்திருட்டு நிகழ்கிறது.

திருட்டு நிகழும் வழிகள்

விளையாட்டு நிறுவனத்தின் வழங்கியை உடைத்து நுழைவது அரிதாகவே நிகழும். 2011 ஏப்ரலில் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் பிணையம் ஊடுருவப்பட்டு, ஏறத்தாழ 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள் வெளிப்பட்டன. சேவை மூன்று வாரங்களுக்கு மேல் நிறுத்தப்பட்டது. பெரும்பாலான திருட்டுகள் பின்வரும் எளிய வழிகளில் நிகழ்கின்றன.

* தூண்டில் மோசடி: இலவச நாணயம் தருவதாகக் கூறும் போலிப் பக்கத்தில் பயனரே கடவுச்சொல்லைத் தட்டெழுதிவிடுகிறார்.
* கடவுச்சொல் மறுபயன்பாடு: வேறொரு தளத்தில் கசிந்த கடவுச்சொல்லை விளையாட்டுக் கணக்கிலும் இட்டுப் பார்க்கின்றனர்.
* நச்சுநிரல்: ஏமாற்றி வெல்ல உதவும் என்று பரப்பப்படும் செயலிகள், விசைத் தட்டல்களையும் உலாவியில் உள்ள நுழைவு அடையாளத்தையும் களவாடுகின்றன.
* பகிர்வு: நண்பருக்குக் கொடுத்த கடவுச்சொல், பொதுக் கணினியில் மூடாமல் விட்ட அமர்வு.
* கைவிட்ட தொலைபேசி எண்: இந்தியாவில் துண்டிக்கப்பட்ட கைப்பேசி எண் குறைந்தது 90 நாட்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். கணக்கு பழைய எண்ணுடன் இணைந்திருந்தால், ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் புதியவருக்கே செல்லும். வேலைக்காக மாநிலம் மாறி, சிம் அட்டையையும் மாற்றுவோர் நிறைந்த ஓசூர் போன்ற தொழில் நகரங்களில் இது கவனிக்கத்தக்கது.

மீட்கும் முறை

மீட்பு நடவடிக்கைகளில் வரிசை முக்கியமானது.

1. தூய கருவி: நச்சுநிரல் உள்ள கணினியில் கடவுச்சொல்லை மாற்றினால், புதிய சொல்லும் திருடரைச் சென்றடையும். எனவே ஐயமற்ற வேறொரு கருவியிலிருந்து தொடங்க வேண்டும்.
2. மின்னஞ்சல்: கடவுச்சொல்லை மீட்டமைக்கும் மடல் மின்னஞ்சலுக்கே வரும். மின்னஞ்சல் திருடர் கையில் இருக்கும் வரை விளையாட்டுக் கணக்கை மீட்டும் பயனில்லை. மடல்களைத் தானே வேறு முகவரிக்குத் திருப்பும் விதி ஏதேனும் அமைக்கப்பட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.
3. இணைந்த கணக்கு: பல கைப்பேசி விளையாட்டுகளில் தனிக் கடவுச்சொல் கிடையாது. கூகுள் அல்லது ஃபேஸ்புக் கணக்கின் வழியாகவே நுழைவு நிகழும். அங்கு, மீட்க வேண்டியது அக்கணக்கையே ஆகும்.
4. அமர்வுகள்: கடவுச்சொல்லை மாற்றினாலும் ஏற்கெனவே திறந்துள்ள அமர்வு சில சேவைகளில் தொடரும். ஆகவே எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.
5. நிறுவனத்திடம் முறையீடு: கணக்கு எண், பதிவு செய்த மின்னஞ்சல், பணம் செலுத்திய பற்றுச்சீட்டு ஆகியவை உரிமைக்குச் சான்றாகும். பணம் செலுத்திய சான்று திருடரிடம் பொதுவாக இராது.

கணக்கு மீண்டாலும் பொருட்கள் மீளும் என்பது உறுதியில்லை. எடுத்துக்காட்டாக, ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், கைமாறிய பொருட்களை மீண்டும் உருவாக்கித் தருவதில்லை. அந்நிறுவனம் 2015 திசம்பரில், மாதந்தோறும் ஏறத்தாழ 77,000 கணக்குகள் கைப்பற்றப்படுவதாகத் தெரிவித்தது.

இந்தியச் சட்டம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இங்கு பொருந்தும். அச்சட்டத்தின் 2008 ஆம் ஆண்டுத் திருத்தம் 2009 அக்டோபர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. பிரிவு 43 இசைவின்றிக் கணினி அமைப்பை அணுகுவதற்கு இழப்பீடு பெற வழி செய்கிறது. அச்செயலை நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால், பிரிவு 66 இன்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5 இலட்சம் உரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது பிரிவு 66இ இன்கீழும், கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது பிரிவு 66ஈ இன்கீழும் வரும். இவ்விரண்டிற்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் உரூபாய் வரை தண்டமும் உண்டு. திருடப்பட்டது விளையாட்டுக் கணக்கு என்பதால் குற்றம் சிறிதாகிவிடுவதில்லை. சட்டம் கணக்கின் வகையைப் பிரித்துப் பார்க்கவில்லை.

மாநில எல்லையும் முறையீடும்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 இல் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதிலுள்ள ஓசூர் கருநாடக எல்லையை ஒட்டிய தொழில் நகரம். ஜூஜூவாடியைக் கடந்தால் கருநாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும். ஓசூரில் வாழ்ந்துகொண்டு பெங்களூரில் படிப்போரும் பணிபுரிவோரும் பலர். கணக்கு ஓசூரில் பதியப்பட்டு, கைப்பேசி எண் கருநாடக வட்டத்தைச் சேர்ந்ததாய், திருட்டு பெங்களூர் விடுதியில் தெரியவந்தால் எங்கு முறையிடுவது என்ற குழப்பம் எழுவது இயல்பு. ஒரு காவல் நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு அலைவதில் கழியும் நேரம் திருடருக்கே உதவும்.

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்சா சன்ஹிதாவின் பிரிவு 173 இன்படி, கைது செய்வதற்குரிய குற்றம் எப்பகுதியில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். மின்னணு வழியில் அளித்தால் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். எனவே ஓசூரில் முறையிடுவதா, பெங்களூரிலா என்று தயங்க வேண்டியதில்லை. இக்குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அலுவலரே புலனாய்வு செய்ய இயலும். தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் இணையக் குற்றக் காவல் நிலையங்கள் உள்ளன. மாநில எல்லை பாராத தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்திலும் பதியலாம்.

பணமும் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணை உடனே அழைப்பதுடன் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 சூலை 6 சுற்றறிக்கையின்படி, பிழை வாடிக்கையாளருடையதோ வங்கியுடையதோ அல்லாதபோது, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில்லை. கடவுச்சொல்லைத் தாமே பகிர்ந்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும்.

பிற நாடுகளில்

விளையாட்டுப் பொருள் உண்மையில் சொத்தா என்ற வினா பல நீதிமன்றங்களில் எழுந்துள்ளது. 2003 இல் பெய்ஜிங் நீதிமன்றம் ஒன்று, ரெட் மூன் விளையாட்டில் களவுபோன பொருட்களைப் பயனருக்கு மீட்டளிக்குமாறு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நெதர்லாந்தில், ரூன்ஸ்கேப் விளையாட்டின் தாயத்தையும் முகமூடியையும் ஒரு சிறுவனிடமிருந்து இருவர் தாக்கிப் பறித்த வழக்கில், அவை திருடத்தக்க பொருட்களே என 2012 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றைப் பெறச் செலவிட்ட நேரமும் உழைப்பும் அவற்றுக்கு மதிப்பளிக்கின்றன என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று.

தற்காப்பு

கணக்கிற்கொரு தனிக் கடவுச்சொல், இருபடி உறுதிப்பாடு, நடப்பிலுள்ள தொலைபேசி எண் ஆகிய மூன்றும் பெரும்பாலான திருட்டுகளைத் தடுக்கும். சிம் அட்டையைக் கைவிடும் முன் எல்லாக் கணக்குகளிலும் எண்ணை மாற்றிவிட வேண்டும். வாங்கியதற்கான பற்றுச்சீட்டுகளைச் சேமித்து வைத்தல் நன்று. கணக்குகளை விலைக்கு வாங்குவதையும் தவிர்த்தல் வேண்டும். பல நிறுவனங்களின் விதிகள் அதைத் தடை செய்கின்றன. தவிர, முதலில் பதிவு செய்தவர் பழைய சான்றுகளைக் காட்டிக் கணக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் கூடும்.