வாட்ச்மேன் துரு!

போர்வெல் தண்ணீரைப் பக்கெட்டில் பிடிக்கும்போது பளிங்கு மாதிரிதான் இருக்கும். ராத்திரி அப்படியே வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். மேலே ஒரு மினுமினுப்பு, அடியில் காவி நிறத்தில் வண்டல். வெள்ளை வேட்டியை அதில் அலசினால் அப்புறம் சாமியாராகத்தான் திரிய வேண்டும். "இது அயர்ன் வாட்டர் சார்" என்று சொல்லிவிட்டு, பிளம்பர் ஃபில்டருக்கு எஸ்டிமேட் போட ஆரம்பித்துவிடுவார்.

அந்தக் காவி வண்டலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 'போயும் போயும் இதற்கு ஒரு கட்டுரையா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கோடிக்கணக்கான ஜனங்கள் தெரியாமல் விஷம் குடித்த கதை இதற்குள் இருக்கிறது.

முதலில் ஒரு சிட்டிகை கெமிஸ்ட்ரி. பூமிக்கடியில் காற்று கிடையாது. அங்கே இரும்பு, சர்க்கரை மாதிரி தண்ணீரில் கரைந்து கிடக்கும், நிறமே தெரியாது. மேலே வந்து காற்றுப் பட்டதும் ஆக்ஸிஜனோடும் தண்ணீரோடும் கூட்டுச் சேர்ந்து, கரையாத பொடியாகப் பிரிந்துவிடும். இரும்பு ஹைட்ராக்ஸைடு என்பது காலேஜ் பெயர். வீட்டுப் பெயர் துரு. ஜன்னல் கம்பியில் இருப்பதும் ஏறக்குறைய இதே குடும்பம்தான்.

மண்ணுக்கு மஞ்சளும் பழுப்பும் தருவது இந்தக் குடும்பம். இதில் ஒன்றுக்குக் கோதைட் என்று பெயர். ஆண்டாள் சம்பந்தம் எதுவும் இல்லை. ஜெர்மன் மகாகவி கதேயின் ஞாபகமாக வைத்தது. (நம் கவிஞர்கள் யார் பெயரிலாவது ஒரு கனிமம் உண்டா என்று நானும் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.) தண்ணீர்ச் சத்தை முழுசாக இழந்தால் ஹெமடைட், அதுதான் செக்கச்செவேல் செம்மண்.

யுகக்கணக்கில் மழை பெய்து கரையக்கூடியதெல்லாம் போன பிறகு, 'நான் நகர மாட்டேன்' என்று உட்கார்ந்துவிடுவது இரும்பும் அலுமினியமும்தான். மலையாள தேசத்து அங்காடிப்புரத்தில், தரையிலிருந்து மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டி எடுத்து, காற்றில் காய்ந்து இறுகியதும் வீடு கட்டுவதைக் கம்பெனி டாக்டர் ஃபிரான்சிஸ் புக்கானன் பார்த்தார். செங்கல்லுக்கான லத்தீன் சொல்லை வைத்து 'லாட்டரைட்' என்று பெயர் சூட்டி, 1807-ல் புத்தகத்திலும் எழுதினார். இரும்பு குறைந்து அலுமினிய ஹைட்ராக்ஸைடு கூடினால் அதுதான் பாக்ஸைட். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டி, ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாகப் போனதே, அந்தக் கல்.

ஆனால் எனக்கு இந்த ஆசாமிகளிடம் பிடித்தது கல்லாவதோ வாணலியாவதோ இல்லை. ஒட்டிக்கொள்ளும் குணம்தான்!

புதுசாகப் படிந்த இரும்பு ஹைட்ராக்ஸைடு அத்தனை நுண்ணிய பொடி. ஒரு கிராம் எடுத்து அதன் துகள்களின் மேற்பரப்பை எல்லாம் கூட்டினால் 200 சதுர மீட்டரைத் தாண்டும். சென்னைக் கணக்கில், ஒரு கிராமில் ஒரு கிரவுண்டு! (ரியல் எஸ்டேட்காரர்கள் மன்னிக்கவும், பட்டா கிடைக்காது.) இத்தனை இடம் காலியாக இருந்தால் ஆள் குடியேறாமல் இருப்பார்களா? பாஸ்பரஸ், ஈயம், தாமிரம், ஆர்செனிக் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். கலங்கல் தண்ணீரில் படிகாரம் போட்டால் தெளிகிறதே, அங்கேயும் இதே வித்தைதான். படிகாரத்திலிருந்து உண்டாகும் அலுமினிய ஹைட்ராக்ஸைடு, அழுக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடுகிறது.

ஆக, துரு என்பது மண்ணுக்குள் ஒரு வாட்ச்மேன். விஷத்தைப் பிடித்து வைத்திருப்பான். ஒரே ஒரு கண்டிஷன்: அவனுக்குக் காற்று வேண்டும்.

காற்று இல்லாவிட்டால்? நெல் வயலில் பார்க்கலாம். தண்ணீர் கட்டியதும் சேற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் சீக்கிரமே தீர்ந்துபோகும். பாக்டீரியாக்கள் சும்மா இருக்குமா? ஆக்ஸிஜனுக்குப் பதில் துருவில் இருக்கும் இரும்பையே 'சுவாசிக்க' ஆரம்பிக்கும். துரு கரையும். அது பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸ் விடுதலையாகி நெல்லுக்கு உரமாகும். நாற்றைப் பிடுங்கினால் வேர் செம்பழுப்பாக இருக்கும். வேர் வழியாகக் கசியும் ஆக்ஸிஜனால் இரும்பு மறுபடி துருவாகி வேரிலேயே படிவதுதான் காரணம். வயலில் இதெல்லாம் நல்ல சமாச்சாரம். விடுதலையாவது பாஸ்பரஸாக இல்லாமல் ஆர்செனிக்காக இருந்தால்தான் வில்லங்கம். நம் பெரியவர்கள் பாஷாணம் என்பார்களே, அந்த வகையறா.

இப்போது வங்காளத்துக்குப் போவோம்.

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா மூன்றும் இமயமலையை அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் அந்த டெல்டா. ஒவ்வொரு மணல் துகளுக்கும் ஒரு துருச் சட்டை. சட்டையில் ஒட்டியபடி துளித்துளி ஆர்செனிக். மணலோடு இலை தழையும் சேர்ந்து புதைந்தது. அவை மக்க மக்க, உள்ளே காற்று தீர்ந்தது. அப்புறம் வயலில் பார்த்த அதே நாடகம், பெரிய மேடையில்.

வங்காளதேசத்து கிராமங்களில் குளத்து நீரைக் குடித்து, காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன. 1970-களில் யூனிசெஃபும் அரசாங்கமும் கை பம்பு வைத்த குழாய்க் கிணறுகளை ஊருக்கு ஊர் கொண்டுபோயின. நல்ல எண்ணம், சந்தேகமே வேண்டாம். கிருமி இல்லாத, கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஜனங்களே சொந்தக் காசில் லட்ச லட்சமாகப் போட்டுக்கொண்டார்கள். ஆர்செனிக் இருக்கிறதா என்று அந்த நாளில் யாரும் பார்க்கவில்லை. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசியும் கிடையாது.

1983-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் டாக்டர் கே.சி. சாஹாவிடம் கிராமத்து நோயாளிகள் வந்தார்கள். மார்பில் மழைத்துளி தெறித்த மாதிரி கருப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள். உள்ளங்கையிலும் பாதத்திலும் தடித்த முடிச்சுகள். ஆர்செனிக் என்று கண்டுபிடித்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி 1988-லிருந்து ஊர் ஊராகப் போய்த் தண்ணீரையும், ஜனங்களின் நகம் முடியையும் சோதித்து, வருஷக்கணக்கில் கத்திக்கொண்டே இருந்தார். 1993-ல் வங்காளதேசக் கிணறுகளிலும் உறுதியாயிற்று. வருஷக்கணக்கில் குடித்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை என்று புற்றுநோய். புள்ளி விழுந்த பெண்களுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. கல்யாணமானவர்களைப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். குஷ்டம் என்று நினைத்து ஒதுக்கினார்கள்.

வங்காளதேசத்தில் மட்டும் மூன்றரைக் கோடியிலிருந்து ஏழே முக்கால் கோடிப் பேர் வரை ஆபத்தில் இருப்பதாக 2000-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு கட்டுரை கணக்குச் சொன்னது. அப்போது நாட்டின் ஜனத்தொகையே சுமார் பன்னிரண்டரைக் கோடி.

காரணம் என்ன என்பதில் விஞ்ஞானிகளிடையே பெரிய சண்டை. 'பாசனத்துக்கு ஏகமாகத் தண்ணீர் உறிஞ்சி, நிலத்துக்குள் காற்று புகுந்துவிட்டது. பைரைட் என்கிற கந்தக இரும்புக் கனிமம் சிதைந்து ஆர்செனிக் வருகிறது' என்றது ஒரு கோஷ்டி. அது சரியென்றால் பழி விவசாயி தலையில்! 'இல்லை, நேர் எதிர். காற்று இல்லாததால் துரு கரைகிறது' என்றது இன்னொரு கோஷ்டி. பைரைட் சிதைந்திருந்தால் தண்ணீரில் சல்ஃபேட் கூடுதலாக இருக்க வேண்டும். இருந்ததோ மிகவும் குறைவு. கரைந்த இரும்போ தாராளம். லண்டன், டாக்கா ஆராய்ச்சியாளர்கள் 1998-ல் துருவின் பக்கம் தீர்ப்பெழுதினார்கள். 2004-ல் மான்செஸ்டர் குழு, மேற்கு வங்க வண்டலை ஆய்வுக்கூடத்தில் வைத்து, பாக்டீரியா முதலில் இரும்பைக் கரைக்க, பின்னாலேயே ஆர்செனிக் வெளியேறுவதைக் காட்டியது. விவசாயி தப்பித்தார்.

இன்னொரு விசித்திரம். பாட்டி காலத்து அகலக் கிணறுகளில் பொதுவாக ஆர்செனிக் குறைவு. திறந்த கிணறு அல்லவா, காற்று படுகிறது! 50 அடியிலிருந்து 100 அடி வரையிலான குழாய்க் கிணறுகள்தான் படுமோசம். 500 அடிக்குக் கீழே போனால் பெரும்பாலும் நல்ல தண்ணீர். அதுவும் வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் பம்பில் விஷம், பக்கத்து வீட்டில் அமிர்தம். அதனால் ஒவ்வொரு பம்பாகச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை என்று பெயிண்ட் அடித்தார்கள். சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்ததில் 14 லட்சத்துக்கு மேல் சிவப்பு!

இதில் நான் ரசித்தது மத்லப் என்கிற ஊரின் குழாய் இறக்கும் மேஸ்திரிகளை. குழாயின் வாயை உள்ளங்கையால் மூடி மூடித் திறந்தே பூமிக்குள் இறக்குவார்கள். சேறும் மணலும் மேலே கொப்பளிக்கும். வரும் மணலை நிறம் வைத்தே பிரிப்பார்கள். கருப்பு மணலா, ஆகாது. சிவப்பு மணலா, தைரியமாகக் குழாயை நிறுத்து. ஸ்வீடன் நாட்டு, டாக்கா ஆராய்ச்சியாளர்கள் மேஸ்திரிகளின் நிறக் கணக்கைத் தண்ணீர்ச் சோதனையோடு ஒப்பிட்டார்கள். சிவப்பு மணல் தண்ணீரில் ஆர்செனிக் குறைவாகவே இருந்தது. ஆச்சரியமில்லை, சிவப்பு என்றால் வாட்ச்மேன் இன்னும் டியூட்டியில் இருக்கிறான் என்று அர்த்தம். கருப்பென்றால் கரைந்து போய்விட்டான். (பி.எச்.டி. எதற்கு, சொல்லுங்கள்!)

வைத்தியமும் துருவிடமே இருக்கிறது. இரும்பு அதிகமுள்ள தண்ணீரைக் குடத்தில் ராத்திரி முழுக்க வைத்தால், காவி வண்டல் ஆர்செனிக்கில் கொஞ்சத்தை இழுத்துக்கொண்டு படியும். கொஞ்சம்தான், அதை நம்பிக் குடிக்க முடியாது. அமெரிக்கப் பேராசிரியரான வங்காளதேசத்துக்காரர் அபுல் ஹுசாம், பதப்படுத்திய இரும்புத் துகள்களையும் மணலையும் கரியையும் வாளிகளில் அடுக்கி 'சோனோ' ஃபில்டர் செய்தார். 2007-ல் பத்து லட்சம் டாலர் பரிசு அதற்குக் கிடைத்தது.

நம் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் டி. பிரதீப் குழு செய்தது இன்னும் நூதனம். புதுத் துருவில் ஒரு கிராமில் ஒரு கிரவுண்டு என்றேனே, அது நாளாக ஆக கெட்டிப்பட்டு இடம் சுருங்கிவிடும். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானுக்குள் அந்தத் துகள்களைச் சிறை வைத்து, கெட்டிப்படாமல் தடுத்தார்கள். 'அம்ருத்' என்ற பெயரில் மேற்கு வங்கம் உட்படப் பல மாநிலங்களில் அந்த ஃபில்டர் வேலை செய்கிறது. பிரதீப்புக்கு 2020-ல் பத்மஸ்ரீ.

எல்லாம் சரி, ஃபில்டர் பிடித்து வைத்த ஆர்செனிக்கை என்ன செய்வது? யாராவது அந்தக் கசடை வாரி வீட்டுக் கொல்லைக் குட்டையில் கொட்டினால் போச்சு. சேற்றுக்குள் காற்று கிடையாது. துரு மறுபடி கரையும். ஆர்செனிக் மறுபடி கிளம்பும். மேற்கு வங்க கிராமங்களில் பம்பு வாயிலேயே பொருத்தும் சுத்திகரிப்புத் தொட்டிகளை அமைத்த அரூப் சென்குப்தா குழு இதற்கு ஒரு வழி செய்தது. கசடைப் பருமணல் படுக்கையின் மேல் கொட்டி, எப்போதும் காற்றுப் புகும்படியே வைத்திருக்கிறார்கள்.